தோற்காத டீம் வெளியே, தோற்ற டீம் உள்ளே: கல்லூரி ஃபுட்பால் தரவரிசையை எப்படி எடைபோடுவது?

கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். பையன் பதினோராம் வகுப்பு. ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடத்துக்கு ‘கல்லூரி ஃபுட்பால் தரவரிசை நியாயமானதா?’ என்று ஒரு புராஜெக்ட் எடுத்திருக்கிறான். 2023-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஃபுளோரிடா ஸ்டேட்டை வெளியே நிறுத்திவிட்டு, தோற்ற டீம்களைப் பிளே-ஆஃபுக்குள் விட்டார்களாம். அதில் ஆரம்பித்து வீட்டில் தினமும் விவாதம். எனக்குக் கிரிக்கெட் பாயின்ட்ஸ் டேபிள் புரியும், இது பிடிபடவே இல்லை. நியாயமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? புராஜெக்ட்டை எப்படி அமைக்கச் சொல்லலாம்?

பதில்: பாயின்ட்ஸ் டேபிளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தலைதான் சுற்றும். டேபிள் என்றால் எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருக்க வேண்டும், கிட்டத்தட்டவாவது ஆடியிருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் தட்டில் 2025 சீசனில் 136 டீம்கள் இருந்தன. கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழு) இறுதி, பிளே-ஆஃப் இதெல்லாம் போக ஒவ்வொரு டீமும் ஆடுவது 12 ஆட்டம். 136 டீமை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 9,180 ஜோடி வரும். நடக்கிற ஆட்டமோ ஏறத்தாழ 800. அதிலும் பெரும்பாலானவை ஒரே கான்ஃபரன்ஸுக்குள் நடப்பவை. மீதி எட்டாயிரத்துச் சொச்சம் ஜோடியில் யார் மேலே, யார் கீழே என்பதை யாராவது ஊகித்துத்தான் சொல்லியாக வேண்டும். அந்த ஊகத்துக்குப் பெயர்தான் தரவரிசை.

ஊகிப்பவர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் வாக்கெடுக்கிறது. 1950-ல் பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. பல பத்தாண்டுகளுக்குத் தேசிய சாம்பியன் யார் என்பதே இந்த ஓட்டில்தான் முடிவானது, இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது! 1998-ல் ஓட்டையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து முதல் இரண்டு டீமை மோதவிடும் பிசிஎஸ் முறை வந்தது. 2014-லிருந்து 13 பேர் கமிட்டி ஒன்று உட்கார்ந்து நான்கு டீமைத் தேர்ந்தெடுத்தது. 2024-லிருந்து பன்னிரண்டு டீம்.

சரி, நியாயத்துக்கு வருவோம். எந்தத் தரவரிசையைக் கையில் எடுத்தாலும் ‘இது எந்தக் கேள்விக்குப் பதில்?’ என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இதுவரை யார் அதிகம் சாதித்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. நாளைக்கு மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், அதனால் வித்தியாசம் வெளியே தெரிவதில்லை. பதில் வேறுபடும் வருஷத்தில்தான் ஊர் ரெண்டுபடுகிறது.

உங்கள் பையன் சொன்ன 2023 அப்படிப்பட்ட வருஷம். ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்தில் 13 வெற்றி, ஏசிசி கான்ஃபரன்ஸ் சாம்பியன். ஆனால் அவர்களுடைய குவாட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலில் பலத்த அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். கான்ஃபரன்ஸ் இறுதியில் மூன்றாம் நிலை குவாட்டர்பேக்கை வைத்து லூயிவில்லை 16-6 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். அதே நாளில் அலபாமா, தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்த ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்தது. அலபாமாவுக்கு ஒரு தோல்வி உண்டு: செப்டம்பரில் சொந்த மைதானத்தில் டெக்சாஸிடம் 24-34. ஆக அலபாமாவை உள்ளே விட்டால் டெக்சாஸை வெளியே நிறுத்த முடியாது. மிச்சிகனும் வாஷிங்டனும் தோற்கவே இல்லை. இருப்பது நாலு நாற்காலி. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸில் ஒன்றின் சாம்பியன், தோல்வியே இல்லாமல் வெளியே நின்றது, நான்கு டீம் முறை இருந்த பத்து வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

கமிட்டி விதியை மீறவில்லை. முக்கிய வீரர் ஆட முடியாத நிலையைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்களுடைய நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் அதே கமிட்டி முறை 2014-ல் என்ன செய்தது என்று பாருங்கள். ஓஹையோ ஸ்டேட்டும் அடிபட்ட இரண்டு பேருக்குப் பிறகு மூன்றாவது குவாட்டர்பேக்கோடுதான் பிக் டென் கான்ஃபரன்ஸ் இறுதிக்கு வந்தது. விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கியது. உடனே ஐந்திலிருந்து நான்குக்கு ஏறிவிட்டது. மூன்றாவதாக இருந்த டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்), அதே வாரம் 55-3 என்று ஜெயித்தும் ஆறாவது இடத்துக்கு இறங்கியது. ஓஹையோ ஸ்டேட் கடைசியில் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது என்பது வேறு விஷயம். மூன்றாவது குவாட்டர்பேக் 59 அடித்தால் பரவாயில்லை, 16 அடித்தால் சந்தேகம் என்றால், வெற்றியோடு வெற்றி வித்தியாசமும் எடைபோடப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

‘ஃபுளோரிடா ஸ்டேட் அப்புறம் சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பௌல் என்ற சிறப்பு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 3-63 என்று தோற்றதே, கமிட்டி சொன்னது சரிதானே’ என்று யாராவது சொல்வார்கள். பையனை அந்த வாதத்தில் விழவிடாதீர்கள். முன்னணி வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. அதோடு, பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை நியாயப்படுத்துவது ஸ்டாடிஸ்டிக்ஸ் ஆசிரியரிடம் எடுபடாது. என்னைக் கேட்டால் அந்த முடிவு தவறு. ஆகஸ்டில் எல்லாரிடமும் ‘ஜெயித்துக்கொண்டே வா’ என்று சொல்லிவிட்டு டிசம்பரில் ‘நாளைக்கு ஜெயிப்பாயா?’ என்று கேட்பது கேள்வித்தாளை மாற்றுகிற வேலை.

புராஜெக்ட்டுக்கு நான் 2023-ஐ எடுக்க மாட்டேன். 2008-ஐ எடுப்பேன். உங்கள் ஊர்க் கதை அது, கணக்கும் கைக்கு அடக்கமானது. பிக் 12 கான்ஃபரன்ஸின் தெற்குப் பிரிவில் மூன்று டீம்கள். அக்டோபர் 11 அன்று டாலஸில் டெக்சாஸ், ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்தது. நவம்பர் 1-ல் டெக்சாஸ் டெக், டெக்சாஸைக் கடைசி நொடியில் பிடித்த டச்டவுனில் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி) 39-33 என்று ஜெயித்தது. நவம்பர் 22-ல் ஓக்லஹோமா, டெக்சாஸ் டெக்கை 65-21 என்று துவைத்தது. மூன்றும் 11 வெற்றி, 1 தோல்வி. கான்ஃபரன்ஸ் இறுதிக்கு ஒன்றுதான் போகலாம்.

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வெற்றி தோல்வி மட்டும் என்றால் மூன்றுக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, பிரிக்கவே வழியில்லை. புள்ளி வித்தியாசத்தைச் சேர்த்தால் ஓக்லஹோமாவுக்குக் கூட்டல் 34, டெக்சாஸுக்குக் கூட்டல் 4, டெக்சாஸ் டெக்குக்குக் கழித்தல் 38. யார் கடைசியாகத் தோற்றார்கள் என்று பார்த்தாலும் ஓக்லஹோமா மேலே. அவர்கள் தோல்வி அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. டெக்சாஸ் ரசிகருக்கோ ஒரே எண்தான்: 45-35, நேரில் ஜெயித்தோம். டெக்சாஸ் டெக் ரசிகரும் அதே வாதத்தை டெக்சாஸ் மீது வைக்கலாம் என்பதுதான் வேடிக்கை. வட்டமாக ஓடும் கதை, எங்கே வெட்டினாலும் யாராவது ஒருவர் அடிபடுவார். கான்ஃபரன்ஸ் விதி ‘பிசிஎஸ் தரவரிசையில் மேலே இருப்பவர் போகட்டும்’ என்று கையைக் கழுவியது. மயிரிழையில் ஓக்லஹோமா முந்தி, கான்ஃபரன்ஸையும் ஜெயித்து, தேசிய இறுதியில் ஃபுளோரிடாவிடம் 14-24 என்று தோற்றது. இதில் ஒரு முரணைப் பையன் கவனிக்க வேண்டும். பலவீனமான டீமைப் போட்டு அடிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் கணக்குகளில் புள்ளி வித்தியாசத்தைச் சேர்க்கக் கூடாதென அப்போது விதி இருந்தது. ஆனால் ஓட்டுப் போடுகிற மனிதர்கள் 65-21 என்ற ஸ்கோரைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அடுத்த படி, சொந்தமாக ஒரு தரவரிசை போடுவது. எக்செல் போதும். வானியற்பியல் அறிஞர் வெஸ்லி காலி வகுத்த முறையைச் சொல்லிக்கொடுங்கள். பிசிஎஸ் பயன்படுத்திய கம்ப்யூட்டர் கணக்குகளில் அதுவும் ஒன்று, சூத்திரமும் வெளிப்படையாகக் கிடைக்கிறது. புள்ளி வித்தியாசம், டீம் பெயர், போன வருஷப் புகழ் எதுவும் அதில் கிடையாது. ஆட்டமே ஆடாத டீமுக்கு 0.5 மதிப்பு. ஆடிய பிறகு, வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்துப் பாதியாக்கி, எதிரிகளின் மதிப்புகளையெல்லாம் கூட்டிச் சேர்த்து, அதோடு ஒன்றையும் கூட்ட வேண்டும். வந்ததை ஆட்ட எண்ணிக்கையோடு இரண்டு கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். எதிரியின் மதிப்பு அவருடைய எதிரிகளைப் பொறுத்தது என்பதால், எல்லா டீமுக்கும் 0.5-ல் ஆரம்பித்து, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

ஒரு உதாரணம். 13 ஆட்டத்தையும் ஜெயித்த ஒரு டீம், எதிரிகளின் சராசரி மதிப்பு 0.45. கணக்கு: 1 + 6.5 + 5.85 = 13.35, அதை 15-ஆல் வகுத்தால் 0.89. இன்னொரு டீம் 12 வெற்றி, 1 தோல்வி. எதிரிகளின் சராசரி 0.55. கணக்கு: 1 + 5.5 + 7.15 = 13.65, வகுத்தால் 0.91. தோற்ற டீம் மேலே! ஸ்டேட் போர்டு மார்க்கையும் சிபிஎஸ்இ மார்க்கையும் ஒரே கட்-ஆஃபில் நிறுத்துவதா என்று நம் ஊரில் வருஷா வருஷம் அடித்துக்கொண்டோமே, அதே சிக்கல்தான். கேள்வித்தாள் வேறாக இருக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்க முடியாது. ‘தோற்காத டீம்தான் மேலே இருக்க வேண்டும்’ என்பதும் அதனால் தானாகவே நியாயமாகிவிடாது. ஃபுளோரிடா ஸ்டேட் பக்கம் நிற்கிற நானே இதைச் சொல்கிறேன்.

இதே முறை 2017-ல் யுசிஎஃப் என்ற சென்ட்ரல் ஃபுளோரிடாவை முதலிடத்தில் வைத்தது. 13 ஆட்டத்தில் 13 வெற்றி, கடைசி ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று ஜெயித்தவர்கள். அந்த ஆபர்ன்தான், தேசிய இறுதியில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அந்த சீசனில் ஜெயித்திருந்தது. கமிட்டியோ, ஆபர்ன் ஆட்டத்துக்கு முன்பே வந்த தன் கடைசிப் பட்டியலில், அதுவரையும் தோற்காத யுசிஎஃபுக்குக் கொடுத்தது 12-ஆம் இடம். சின்ன கான்ஃபரன்ஸ் என்பதற்கு என்ன விலை என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பையன் தேட வேண்டிய இன்னொன்று, பட்டியலின் சோம்பல். நிருபர்களின் முதல் பட்டியல் ஆகஸ்டிலேயே, ஒரு பந்தும் உதைபடுவதற்கு முன் வந்துவிடுகிறது. அப்புறம் ஜெயிக்கிறவர் இருந்த இடத்தில் இருப்பார், தோற்றவர் இறங்குவார் என்ற பழக்கத்தில் வண்டி ஓடுகிறது. கமிட்டி முதல் பட்டியலை சீசன் பாதி கடந்த பிறகே வெளியிடுவதால் அந்தக் குறை கொஞ்சம் மட்டுப்படுகிறது, ஆனால் தீரவில்லை. 2025-ஐப் பாருங்கள். சீசன் தொடக்கத்திலேயே மயாமி, நோட்டர் டேமை 27-24 என்று ஜெயித்துவிட்டது. இரண்டும் 10 வெற்றி, 2 தோல்வி என்று முடித்தன. ஆனாலும் கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்டர் டேம் 10, பிஒய்யு (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 11, மயாமி 12. அடுத்த வார இறுதியில் நோட்டர் டேமும் மயாமியும் ஆடவே இல்லை. பிஒய்யு தோற்றுக் கீழே போனது. கடைசிப் பட்டியலில் மயாமி 10, நோட்டர் டேம் 11. பன்னிரண்டு இடத்தில் ஐந்து, கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு ஒதுக்கியவை; கீழே இருந்த சாம்பியன்களும் உள்ளே வந்ததால் 11-ஆம் இடம் போதவில்லை. மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. பக்கத்துப் பக்கத்தில் வந்ததால்தான் நேரடி மோதலைப் பார்த்தோம் என்றது கமிட்டி. மயாமி மேலே வந்தது சரி என்றே நினைக்கிறேன். அதை நவம்பரிலேயே செய்திருக்கலாம். நோட்டர் டேம் கோபத்தில் பௌல் ஆட்டத்துக்கே வர மறுத்துவிட்டது. நாலு டீமைப் பன்னிரண்டாக்கினால் சண்டை ஓயும் என்றவர்களுக்கு இதுதான் பதில். கோடு தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கமிட்டியில் பெரும்பாலோர் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைத் தலைவர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள். தன் கல்லூரி பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும். ஆனால் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது வெளியே வராது. நிருபர்களின் ஓட்டோ ஒவ்வொருவர் பெயரோடும் வாராவாரம் வெளியாகிறது. அதனால் தனிநபர் பாரபட்சத்தை ஆராய வேண்டுமென்றால் நிருபர்கள் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும்.

புராஜெக்ட்டை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழு 136 டீம் வேண்டாம், மூச்சு வாங்கும். 2008-ன் பிக் 12 போல 12 டீம் உள்ள ஒரு கான்ஃபரன்ஸின் ஒரு வருஷம் போதும். உள் ஆட்டங்களின் முடிவுகளை எக்செலில் ஏற்றி, காலி முறையில் ஒரு பட்டியல், புள்ளி வித்தியாசத்தைச் சேர்த்து ஒரு பட்டியல் போடட்டும். பிறகு நிருபர்களின் கடைசிப் பட்டியலில் இடம்பிடித்த டீம்கள் எந்த வரிசையில் வந்தன என்று பக்கத்தில் எழுதட்டும். ஒவ்வொரு பட்டியலிலும், தோற்ற டீம் தன்னை ஜெயித்த டீமுக்கு மேலே நிற்கும் ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் வராது, 2008-ல் எப்படி அடுக்கினாலும் குறைந்தது ஒன்று வந்தே தீரும் என்பதை அந்த மூன்று டீம் வட்டத்தை வைத்தே அவன் நிரூபித்துவிடலாம். கடைசியாக, டீம் பெயர்களை மறைத்து, வெற்றி தோல்வியையும் எதிரிகளின் மதிப்பையும் மட்டும் வகுப்பு நண்பர்களிடம் காட்டி வரிசைப்படுத்தச் சொல்லட்டும். பிறகு பெயரோடு காட்டி மறுபடியும் கேட்கட்டும். டாலஸில் அந்த இரண்டு வரிசையும் ஒன்றாக வந்தால் எனக்கு எழுதுங்கள்.