வேனுக்குள் வீட்டு பல்பு வேண்டாம்

அண்ணாச்சி, பழைய வேனில் படுக்கை போட்டு அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு பக்கம் சுற்றப்போவதாகவும், இன்வெர்ட்டர் வைத்து வீட்டு பல்பையே மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா கிடந்தாலே பேட்டரியைக் குடிக்கும். நேரடியாக 12 வோல்ட் எல்இடி போடுங்கள். 3 வாட் விளக்கு நான்கு எரிந்தாலும் 1 ஆம்பியர்தான் இழுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஓடும்போது சார்ஜ் 14 வோல்ட்டைத் தாண்டும். மலிவு எல்இடி ஸ்ட்ரிப் (ஒட்டுகிற விளக்குப் பட்டை) அதைத் தாங்காது. நான் ஒட்டியது இரண்டே மாதத்தில் பாதி அணைந்து, மீதி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள். தாமிரபரணிக் கரையில் வெள்ளை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து பாருங்கள், ஈசல் மொத்தமும் சொதிச் சோற்றில்தான் விழும். மஞ்சளுக்கும் வரும், ஆனால் குறைவு. அடுப்புக்கு மேல் மட்டும் வெள்ளை இருக்கட்டும், காய் நறுக்க வேண்டுமே. தலைமாட்டில் தனி சுவிட்சோடு சின்ன விளக்கு ஒன்று.

அப்புறம் பியூஸ். அதை விளக்குப் பக்கம் வைக்காமல் பேட்டரியை ஒட்டியே வையுங்கள்.