ஐந்தாவது டாஸ்

கேள்வி: என் மனைவிக்கு வரிசையாக நான்கும் பெண் குழந்தைகள். சராசரி விதிப்படி பார்த்தால் ஐந்தாவது ஆணாகப் பிறக்கத்தானே வாய்ப்பு அதிகம்? (பெயர் வேண்டாம்)

பதில்: 'என் மனைவிக்கு' நான்கு பெண்களா? அப்போதெல்லாம் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்? ஐந்தாவது மட்டும் பையனாகப் பிறந்துவிட்டால் 'எனக்குப் பையன் பிறந்திருக்கிறான்' என்று எழுதுவீர்கள். பந்தயம் கட்டத் தயார்.

ஆணா பெண்ணா என்பதற்கு அப்பா பொறுப்பா, அம்மா பொறுப்பா என்ற வழக்கில் 1905-லேயே தீர்ப்பு வந்தாயிற்று. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மாவில் விழும் ஒரு வகை வண்டைக் குடைந்து பார்த்தார். ஆண் வண்டின் விந்தணுக்களில் பாதியில் பெரிய குரோமோசோம், மறுபாதியில் குட்டி. குட்டி போய்ச் சேர்ந்தால் ஆண் வண்டு. மனிதரிலும் கதை இதுதான். பெரிய எக்ஸ், குட்டி ஒய் இரண்டும் அப்பா வசம். அம்மாவிடம் எக்ஸைத் தவிர வேறு சரக்கே கிடையாது. எந்த ஆண் வண்டும் மனைவியைக் குறை சொன்னதாக ஸ்டீவன்ஸ் எழுதவில்லை.

சரி, கணக்கு. யாரும் தலையிடாமல் விட்டால் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஆணுக்கு 51 சதவீதம். தலைச்சனுக்கும் அதுதான், ஐந்தாவதுக்கும் அதுதான். ஐந்தும் பெண்ணாக இருக்க 32-ல் ஒரு வாய்ப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது முதல் குழந்தைக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு. நால்வர்தான் ஏற்கெனவே வந்துவிட்டார்களே! நான்கு குழந்தைகள் என்றாலே இரண்டு ஆண், இரண்டு பெண் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. அதற்கு 16-ல் 6 வாய்ப்புதான். மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்பதற்கு 16-ல் 8. நான்கும் ஒரே பாலாக இருக்க 16-ல் 2. எட்டு வீட்டில் ஒரு வீடு, அவ்வளவு அபூர்வம் ஒன்றும் இல்லை.

உங்கள் வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று. 2025-ல் 58,000 அமெரிக்கச் செவிலியரின் பிள்ளைப்பேற்று விவரங்களை அலசிய ஓர் ஆய்வு வந்தது. பிள்ளைப்பேற்றை நாணயம் சுண்டுவதாக வைத்துக்கொண்டால், எல்லா வீட்டு நாணயமும் ஒன்றுபோல் இல்லை, சில வீடுகளில் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்கிறார்கள். அது உண்மையானால், நான்கு பெண்கள் பிறந்த வீட்டில் அடுத்ததும் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு சற்றுக் கூடுதல். சராசரி உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தீர்கள், அது அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

சராசரி என்றதும் எனக்குக் கிரிக்கெட் வர்ணனையாளர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. அவர்களுக்கும் எனக்கும் ஆகாது, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆரம்பித்து, வரிசையாக 20 ஒருநாள் போட்டிகளில் இந்தியா டாஸ் தோற்றது. குறிப்பிட்ட 20 டாஸும் தோற்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. அதனால் 21-வது முறை பூவா தலையா என்பதில் நாணயத்துக்கு ஏதாவது உறுத்தல் இருந்திருக்குமா? முந்தைய இருபதில் அது கலந்துகொள்ளவே இல்லை, வேறு வேறு நாணயங்கள்! ஆனால் வர்ணனைப் பெட்டியில் கேட்டால், பாவம் பார்த்து இன்றைக்கு விழுந்தே தீர வேண்டும் என்கிற தோரணை. கடைசியில் 2025 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் கே.எல். ராகுல் இடக்கையால் சுண்டினார், ஜெயித்தார். போதாதா? டாஸ் ஜெயித்தது ராகுல் இல்லை, இடக்கை என்று ஆகிவிட்டது.

இடது வலது என்றால் மனிதனுக்கு அப்படி ஒரு மயக்கம். ஆண் குழந்தை வலப்பக்கத்து விந்திலிருந்து வருகிறது, பெண் இடப்பக்கத்திலிருந்து என்று பழைய கிரேக்கத்தில் நம்பியவர்கள் உண்டு. லியோபனீஸ் என்ற ஆசாமி இன்னும் ஒருபடி மேலே போனார். ஒரு பக்கத்து விரையைக் கட்டிவிட்டால் வேண்டியது பிறக்கும் என்றார். இதை எழுதி வைத்திருக்கும் அரிஸ்டாட்டிலே இது பொய் என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த முயற்சியில் மட்டும் இறங்க வேண்டாம்.