எரிகிற முகத்துக்கு இன்னொரு சீரமா?

கேள்வி: எனக்கு 27 வயது, சேலம் அஸ்தம்பட்டியில் வேலை. பரு வந்த தழும்பு மறையட்டும் என்று ரெட்டினால் சீரம், கிளைகாலிக் ஆசிட் டோனர், வைட்டமின் சி சீரம் மூன்றையும் ஆன்லைன் ஆஃபரில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வாரமாகத் தினமும் போடுகிறேன். மூக்கோரம் தோல் உரிகிறது, முகம் கழுவினாலே எரிகிறது. விற்றவர்களிடம் கேட்டால், "வேலை செய்கிறது, நிறுத்தாதீர்கள்" என்கிறார்கள். கூடவே 899 ரூபாய்க்கு ‘பேரியர் ரிப்பேர் சீரம்’ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இன்று ராத்திரியிலிருந்து அந்த மூன்று பாட்டிலையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் செல்களை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவை சேர்ந்த ஒரு கொழுப்புப் படலம் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். ‘பேரியர்’ என்று சொல்வதும் இதைத்தான். கிளைகாலிக் ஆசிட் செல்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ரெட்டினால் செல்கள் புதிதாக உருவாகும் வேகத்தைக் கூட்டுகிறது. வைட்டமின் சி சீரம் பலவும் அமிலத்தன்மை உள்ளவை. தனித்தனியாக மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் தினமும் மூன்றையும் போட்டால் அந்தப் படலம் மறுபடி சேர நேரம் எங்கே? வெறும் தண்ணீர் எரிவது அதனால்தான். ரெட்டினால் தொடங்கியதும் வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே சிலருக்குச் சின்னப் பருக்கள் கூடும்; அது கொஞ்ச நாளில் அடங்கிவிடும். தண்ணீர் பட்டாலே எரிவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இப்போது உங்களுக்குத் தேவை மூன்றே பொருள்: நுரை குறைவான மைல்டு ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன். போர் தண்ணீரில் சாதாரண சோப்பு போட்டால் முகத்தில் ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும், தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்து, கடைசி அலசலை அதில் செய்யுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காயும் முன்பே க்ரீம் பூசிவிட வேண்டும். உரிகிற மூக்கோரத்தில் மட்டும் ராத்திரி வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி ஒரு பொட்டு. மலிவான பொருள்தான், ஆனால் ஈரத்தைப் பூட்டி வைப்பதில் அதை மிஞ்சும் க்ரீம் கிடைப்பது கஷ்டம்.

மாய்ஸ்சரைசர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்புங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். பொருள்களை அதிக அளவில் இருப்பது முதலில் என்ற வரிசையில்தான் போடுவார்கள். கிளிசரின் முதல் நாலைந்து பெயருக்குள் இருக்கட்டும். செராமைடு கடைசியில் இருந்தால் பரவாயில்லை, அது கொஞ்சமே போதும். ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ராகிரன்ஸ்’ என்ற சொல் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம் விலை. 50 கிராம் 500 ரூபாய் என்றால் கிராமுக்கு 10 ரூபாய். 200 கிராம் 400 ரூபாய் என்றால் 2 ரூபாய். தினமும் இரண்டு வேளை தாராளமாகப் பூச வேண்டிய பொருள் இது. விலைக்குப் பயந்து கிள்ளிக் கிள்ளிப் பூசினால் பலன் இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். என் அக்கா மகள் இதே மாதிரி எரிச்சலுக்கு ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூபில் மொமெட்டசோன் இருந்தது. அது ஸ்டீராய்டு. நாலு நாளில் முகம் பளபளத்தது. விட்டதும் முன்பைவிடச் சிவந்து, சரியாக மாதங்கள் ஆயின. இந்த வகை க்ரீம்களை 2018-லேயே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

எரிச்சல் அடங்க மூன்று நாலு வாரம்கூட ஆகலாம். முழுக்க அடங்கிய பிறகு ரெட்டினாலை மட்டும் தொடங்குங்கள், வாரத்தில் இரண்டு ராத்திரி. முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்ததும் முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ரெட்டினால், மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ ரெட்டினால் கூடாது. இரண்டு வாரத்தில் குறையவே இல்லை, அல்லது நீர் வடிகிறது, வீங்குகிறது என்றால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் காட்டலாம்.

கேள்வி: ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். முகப்பருவுக்கு டாக்டர் அடாபலீன் ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார். சேலத்தில் போதுமான லோஷன் இங்கே பத்தவில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா? மூடுபனியில் சன்ஸ்கிரீன் தேவையா?

பதில்: கை, காலுக்குத் தாராளமாகத் தடவுங்கள், குளித்த ஈரத்தோடு. பரு வருகிற முகத்துக்கு வேண்டாம், துவாரம் அடைக்கக்கூடும். மலைமேல் குளிர்காற்றில் ஈரம் குறையும்போது லோஷனை விட்டு, அதைவிடக் கெட்டியான க்ரீமுக்கு மாறுங்கள். கீழே இறங்கும் நாளில் லோஷன் போதும். பெரிய டப்பா இரண்டு வேண்டாம், க்ரீமைச் சின்ன ட்யூபாக வாங்கினால் சரி.

சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். வெயில் சுடாததால் நமக்குத் தெரிவதில்லை. பனிமூட்டமும் அதை முழுக்கத் தடுக்காது.

கேள்வி: ஆன்லைனில் வந்த க்ரீமின் மூடியில் சீல் பிரிந்திருக்கிறது. ‘அழகுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். (அம்மாபேட்டை)

பதில்: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளே சொல்கின்றன. பூசிப் பார்க்காதீர்கள். சீல், பேட்ச் எண், பில் மூன்றையும் படம் எடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.