மிரண்ட குதிரை

அன்புள்ள ஐயா,

சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடம் நடத்துகிறேன். ‘பேனிக்’ என்ற சொல்லுக்கு ‘மிகுந்த பயம்’ என்று பொருள் சொல்லிக்கொடுத்தேன். எழுதச் சொன்னால் ‘ஐ வாஸ் வெரி பேனிக்’ என்று எழுதுகிறார்கள். இறந்தகாலத்தில் எழுதும்போது ‘கே’ என்ற எழுத்தைச் சேர்ப்பதில்லை, பேசும்போது கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். இலக்கணமே இல்லாத மொழியிலிருந்து வருவதால்தான் இப்படியா? ரயிலில் பையை மறந்துவிட்டு இறங்கியதைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையிலும் இதே வரி இருந்தது. சிவப்பு வட்டமிட்டு ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தேன். இந்தச் சொல்லை எப்படித்தான் விளக்குவது?

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

மொழிபெயர்ப்பில் அச்சத்தைக் குறிக்கும் சொற்களோடு சில வாரங்களாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். சீனப் பொதுமொழியில் எந்த அசையும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளின் நாக்கு ‘க்’கில் வந்து நிற்கத் தடுமாறுகிறது. நாமும் ‘பேனிக்கு’ என்று ஓர் உகரம் சேர்த்துத்தான் சமாளிக்கிறோம். ‘கே’ எழுத்து பழகப் பழக வந்துவிடும்.

ஆனால் ‘இலக்கணமே இல்லாத மொழி’ என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பிழைக்கிறவர், அந்த மொழியைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக எழுதலாமா? ‘வோ ஹென் ஹுவாங்’ என்பது பிழையற்ற சீன வாக்கியம். ‘நான் மிகவும் பதறிப்போயிருக்கிறேன்’ என்று பொருள். அங்கே ‘ஹுவாங்’ என்பது பெயரடை, அதுவே பயனிலையாகவும் நிற்கும், ‘ஹென்’ என்ற ‘மிக’ அதற்கு முன்னால் வரும். உங்கள் மாணவி அந்த ‘ஹென்’னை ‘வெரி’ ஆக்கி, நீங்கள் கற்பித்த ‘வாஸை’யும் மறக்காமல் சேர்த்திருக்கிறாள். இதைக் கவனக்குறைவு என்பது அநியாயம். ஆங்கிலத்தில் ‘பேனிக்’ பெயராகவும் வினையாகவும் வரும், ஆனால் ஆளை வருணிக்கும் பெயரடையாக வராது என்ற ஒரு செய்திதான் அவளுக்குத் தெரியவில்லை. அதை நீங்களும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, ‘மிகுந்த பயம்’ என்று நீங்கள் சொன்ன பொருள். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ‘பேனிக்’ என்பது பயத்தின் அளவைச் சொல்லும் சொல் அல்ல. அறுவைச் சிகிச்சைக்காக மேசையில் படுத்திருப்பவருக்கு மிகுந்த பயம் இருக்கும். ஆனாலும் அவர் அசையாமல் கிடந்து மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொல்வார். வீட்டுச் சாவியைக் காணாதவருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே சட்டைப்பையில் ஐந்து முறை கைவிட்டுத் துழாவுவார். இவர்களில் பேனிக்கில் இருப்பவர் இரண்டாமவர். அச்சம் மனிதனுடைய கையையும் காலையும் எடுத்துக்கொண்டு, யோசிக்கிற வேலையை மட்டும் நிறுத்திவிடும்போதுதான் ஆங்கிலக்காரர் அந்தச் சொல்லைச் சொல்கிறார். பேன் என்ற கிரேக்க இடையர் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. காரணமே இல்லாமல் ஒரு மந்தையோ படையோ திடீரென்று வெருண்டு ஓடினால் அது பேனுடைய வேலை என்று அந்த மக்கள் நம்பினார்கள்.

இதைச் சீனப் பிள்ளைகளுக்கு விளக்க நீங்கள் கிரேக்கம் வரை போக வேண்டியதில்லை. கி.பி. 383இல் ஃபெய் ஆற்றங்கரையில், ஃபூ ஜியான் என்ற அரசனின் பெரும்படை, எதிரி ஆற்றைக் கடந்து வந்து போரிட இடம் விடுவதற்காகச் சற்றே பின்வாங்கியது. ‘தோற்றுவிட்டோம்’ என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்ததும் பின்வாங்கல் ஓட்டமாக மாறியது, படை சிதறியது. ஓடியவர்களுக்குக் காற்றின் ஓசையும் கொக்கின் கத்தலும்கூடத் துரத்திவரும் படையாகக் கேட்டன. ‘ஃபெங் ஷெங் ஹே லி’ என்று அது இன்றுவரை மரபுத்தொடராக வழங்குகிறது. திடுக்கிடுவதைக் குறிக்கும் ‘ஜிங்’ என்ற சீனச் சொல்லின் பழைய எழுத்து வடிவத்தில் அடியில் ஒரு குதிரை நிற்கும். ‘குதிரை மிரள்வது’ என்றுதான் பழைய அகராதி அதற்குப் பொருள் சொல்கிறது. எளிமையாக்கிய எழுத்தில் குதிரை போய்விட்டது, இடப்பக்கம் இதயக் குறி வந்திருக்கிறது. எனக்கு அந்தக் குதிரையை இழந்ததில் வருத்தம்தான்.

2020 பிப்ரவரி 7ஆம் தேதி நான் உங்கள் ஊரில்தான் இருந்தேன். நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்திவிட்டார்கள் என்று செய்தி வந்த மாலையே அரிசியும் நூடுல்ஸும் கழிப்பறைக் காகிதமும் கடைகளில் தீரத் தொடங்கின. கல்லா வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சீன மூதாட்டி நின்றார். தள்ளுவண்டியில் மூன்று அரிசி மூட்டைகள். ஒன்றைக்கூடத் தூக்க முடியாத மெலிந்த கைகள். வீட்டில் எத்தனை பேர் என்று கல்லாவில் இருந்த பெண் கேட்டதற்கு அவர் ஒரு விரலைக் காட்டினார், பிறகு நெஞ்சைத் தொட்டு ‘சின் லி ஹுவாங்’ என்றார். மனத்துக்குள்ளே ஹுவாங். அந்த எழுத்தில் இதயக் குறிக்குப் பக்கத்தில் நிற்பது தரிசு நிலத்தைக் குறிக்கும் எழுத்து. ஒலிக்காகத்தான் அதைச் சேர்த்தார்கள் என்பார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்கு அதைத் தரிசாகிப்போன மனம் என்றே படிக்கத் தோன்றுகிறது. அந்த வாரம் முழுவதும் ஆங்கிலச் செய்திகள் எழுதிய ‘பேனிக் பையிங்’ என்பதற்குச் சீனத்தில் ‘ச்சியாங் கோவ்’ என்று ஒரு சொல் உண்டு. பறித்து வாங்குவது என்று பொருள், அதன் முதல் எழுத்தில் இருப்பது கைக்குறி. ஆங்கிலம் அங்கே அச்சத்தைப் பார்க்கிறது, சீனம் கையைப் பார்க்கிறது. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள், நீங்கள் கொடுத்த ‘மிகுந்த பயம்’ தானே உதிர்ந்துவிடும்.

அந்த மாணவியிடமிருந்து தாளைத் திரும்ப வாங்குங்கள். ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டு, ‘வெரி’ இருந்த இடத்தில் ‘இன் எ’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். வாக்கியம் சரியாகிவிடும். ரயில் கதவு மூடிய பிறகு அவள் என்ன செய்தாள், ஓடினாளா, கண்ணாடியைத் தட்டினாளா, நின்ற இடத்திலேயே அழுதாளா என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. கட்டுரையின் அடுத்த வரியில் அது இருந்திருக்கும். அதைப் படித்தீர்களா?