ஊட்டியில் மாமரம் காய்க்குமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில், பள்ளத்தை ஒட்டி ஒரு ஒட்டு மாங்கன்று நிற்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் கொழுந்து கருகிப் போகிறது. பிழைக்க வைத்துக் காய் பறிக்க முடியுமா?
- வாசகி, உதகமண்டலம்

பதில்: பிழைக்க வைக்கலாம். காய்க்கு ஆசைப்படாதீர்கள். பூக்கும் நாட்களில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பிஞ்சு பிடித்தாலும் கொட்டையில்லாமல் சிறுத்து உதிரும். 2,240 மீட்டர் உயரத்தில் கோடை இரவுகளே அந்தச் சூட்டை அரிதாகத்தான் தொடும்.

கருகலுக்குக் காரணம் கன்று நிற்கும் இடம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுவில் நட்டிருந்தால் பாதித் தொல்லை இல்லை. கீழ்ப்புற வேலி அடர்த்தியாக இருந்தால் அடியில் திறந்துவிடுங்கள், காற்று இறங்கிப் போகட்டும்.

செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டாம். அதில் வரும் இளங்கொழுந்துதான் முதலில் கருகும். பனிக்காலத்தில் தூரைச் சுற்றியுள்ள சருகு மூடாக்கை விலக்கி, பகலில் மண்ணை நனையுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். மூடாக்கு அதைத் தடுத்துவிடும். (வெயில் காலத்துக்குச் சொல்லும் யோசனைக்கு இது நேர் எதிர்.)

சாக்கைத் தலையில் போர்த்தித் தண்டோடு சேர்த்துக் கட்டுவதால் பயனில்லை. மண்ணின் சூடு உள்ளே ஏற வேண்டும். நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல், சாக்கைத் தரைவரை தொங்கவிட்டு ஓரத்தில் கல் வையுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். மார்ச்சில் துளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு மேலே வெட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் வேர்ச்செடியுடையது, கிள்ளி எறியுங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் பட்டர் ஃப்ரூட் வைக்கலாமா? எந்த ரகம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாக. மெக்சிகோ இனமும் அதன் கலப்பான ஃபுயர்ட்டேவும் குளிர் தாங்கும். மேற்கிந்திய இனம் தாங்காது. மெக்சிகோ இனத்தின் இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், நர்சரியிலேயே பார்த்துவிடலாம். ஒட்டுக்கன்றாகவே வாங்குங்கள்; விதைக்கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். இந்த மரத்துக்குக் குளிரைவிடத் தேங்கும் நீர்தான் பகை. வேர் அழுகினால் மீட்க முடியாது. களிமண்ணாக இருந்தால் குழிக்குள் நடாமல், ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.