குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்புண் அடிக்கடி வருமா? எப்படிச் சரிசெய்வது?

வரும். எனக்குக் குரோன் நோய் (குடல் அழற்சி நோயில் ஒரு வகை) இருப்பதே வாயால்தான் தெரியவந்தது. கீழுதட்டைப் புரட்டிப் பார்த்தால் வெளிறிய மஞ்சளாய் ஒரு குழி, அதைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வளையம். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். தண்ணீர் பட்டாலே கண் கலங்கிவிடும். "உடம்புச் சூடு" என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பல் மருத்துவர்தான் வாயைப் பார்த்துவிட்டு, "வயிறு எப்படி இருக்கு? எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் விடை கிடைத்தது.

குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். சிலருக்கு வயிற்றுத் தொந்தரவு தொடங்கும் முன்பே வாயில் தெரிந்துவிடும். உதடு வீங்கித் தடிப்பது, கன்னத்தின் உட்புறம் மேடுபள்ளமாவது, ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில் நீளமாக வெட்டுப்பட்டதுபோல் புண் வருவது எல்லாம் குரோனின் அடையாளங்கள். குடல் அழற்சியின் இன்னொரு வகையான பெருங்குடல் புண் நோயிலும் சாதாரண வாய்ப்புண் வரும். அபூர்வமாகச் சிறு சீழ்க்கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பி உடைவதும் உண்டு.

ஆனால் எல்லாப் புண்ணும் நோயின் நேரடி வேலை இல்லை. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கே நோய் இருந்தாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருந்தாலோ பி12 குறையும். ரத்தக் கசிவால் இரும்புச்சத்தும் குறையும். நாக்கு வழவழப்பாகி எரிவது, வாயோரம் வெடிப்பது எல்லாம் இதனால் இருக்கலாம். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுக்கும்போது வெள்ளை வெள்ளையாய்ப் படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. குடல் அழற்சிக்குச் சிலருக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தும் வாயைப் புண்ணாக்கும். அதனால் களிம்பு வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சிகிச்சையில் முதல் வேலை குடலை அடக்குவதுதான். என் குடல் அமைதியான பிறகுதான் வாயும் அமைதியானது. அதுவரை புண்மேல் தடவும் ஸ்டீராய்டு பசை கைகொடுத்தது. இரவு பல் தேய்த்தபின், புண்ணை ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, தேய்க்காமல் மெல்லப் படியவைக்க வேண்டும். அதற்குப் பின் எதுவும் குடிக்கக் கூடாது. நிறைய இடத்தில் புண் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த நீரைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வார்கள். சாப்பிடவே முடியாதபோது புண்ணை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஜெல் உதவும். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசைக்கு மாறிப் பாருங்கள், எனக்கு எரிச்சல் குறைந்தது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வலி தாங்காமல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக விழுங்காதீர்கள். குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடும். பொதுவாகப் பாராசிட்டமால்தான் பரிந்துரைக்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் உங்கள் மருந்துப் பட்டியலை முதலில் நீட்டுங்கள்.

3 வாரம் தாண்டியும் ஒரே புண் ஆறவில்லை என்றால், "இது என் பழைய நோய்தான்" என்று இருந்துவிட வேண்டாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.