செப்டிக் டேங்க் இயந்திரம்: சாவி யார் கையில்? (கேள்வி பதில்)

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவதை நிறுத்தக் கல்லூரிகளும் கம்பெனிகளும் என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தூய்மைப் பணியாளர் குழுக்களுக்கு டெண்டர், கடன் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது என் வேலை. அந்தப் பக்கம் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்: அண்ணா, ப்ராஜெக்டுக்கு டேங்க் சுத்தம் செய்யும் ரோபோ செய்யலாம் என்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

இந்த வேலையைச் செய்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து முதலில் பேசுங்கள் தம்பி. மேலே நிற்கும் தண்ணீரை லாரி ஹோஸே உறிஞ்சிவிடும். அடியில் வருஷக்கணக்காக இறுகிக் கிடக்கும் கசடுதான் வராது. அதைக் கலக்கிவிடத்தான் ஆளை இறக்குகிறார்கள். கிளறியதும் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர்களும், அவர்களைத் தூக்கப் போகிறவர்களும் அப்படித்தான் சாகிறார்கள்.

சென்னை ஐஐடியில் உருவான ஹோமோசெப் இயந்திரம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. டேங்கின் வாய் சின்னது, வயிறு பெரியது. அதனால் பிளேடுகள் மடங்கியபடி உள்ளே போய், தலைகீழ்க் குடை போல விரிந்து சுழன்று கசடைக் கூழாக்கும். அப்புறம் பம்ப் இழுத்துக்கொள்ளும். டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோகலாம். தூய்மைப் பணியாளர் உரிமைக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பின் உதவியோடு, டேங்கில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போனது. எனக்கு அந்த பிளேடை விட இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது.

பேராசிரியர் ஒருவர்: காப்புரிமை எடுப்பதா, திறந்து விடுவதா?

எடுங்கள் சார். 2021-க்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80% குறைவு. ஆனால் முக்கியமான யோசனை பணியாளர் ஒருவருடையது என்றால், கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயரும் வர வேண்டும். "தகவல் தந்து உதவினார்" என்று ஆய்வறிக்கைக் கடைசியில் நன்றி போட்டு முடித்துக்கொள்கிறோமே, அது போதாது. உரிமத்தையும் ஒரே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் சின்னப் பட்டறைகள் செய்ய வழி வையுங்கள்.

கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவில் இருப்பவர்: நாங்கள் ஒரு இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் பயன்படுமா?

பயன்படும், அது ஓடினால். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் நீங்கள் ஒதுக்கும் 2%-இல் இயந்திரம் வந்துவிடும், போட்டோவும் வந்துவிடும். டீசல், உதிரி பாகம், ஓட்டுபவருக்குப் பயிற்சி எல்லாம் யார் தருவது? ஒரு ரப்பர் சீல் போனதற்காக மாதக்கணக்கில் நின்ற வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

நன்கொடையை விட, வேலை கொடுங்கள். உங்கள் ஆலை, குவார்ட்டர்ஸ், கேன்டீன் டேங்குகளை, இயந்திரத்தை ஓட்டும் பணியாளர் குழுவுக்கே மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுங்கள். பில்லை 45 நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்; குறு, சிறு நிறுவனங்களுக்கு அது சட்டம் சொல்லும் உச்ச வரம்பு. ஒரு பில் நான்கு மாதம் தூங்கினால், குழு டீசலுக்கு வட்டிக்கு வாங்கும்.

இன்னொருவர்: பாதுகாப்பு உடை கொடுத்தால் இறங்கலாம்தானே?

மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டத்தில் அந்த ஓட்டை இருக்கிறது என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு கையுறை ஒன்றைக் காட்டித் தப்பிக்கிறவர்கள் உண்டு. சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இறக்காமல் இருப்பது அதைவிட மலிவு.

தொழிற்சங்கத் தோழர்: இயந்திரம் வந்தால் எங்கள் ஆட்கள் வேலை போகாதா?

சாவி கான்ட்ராக்டர் கையில் இருந்தால் போகும், தோழர். இரண்டு பேரை வைத்து ஓட்டிவிட்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார். கேரளத்தில் பொறியியல் பட்டதாரிகள் செய்த பேண்டிகூட் ரோபோவை இயக்க, மேன்ஹோலில் இறங்கியவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நல்ல தொடக்கம், ஆனால் இயக்குபவர் கூலிக்காரர்தான். டெல்லி 2019-இல் ஒரு படி மேலே போனது: 200 இயந்திரங்கள், வங்கிக் கடன், தலித் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான டிக்கியின் துணை, குடிநீர் வாரியத்தின் வேலை ஒப்பந்தம். பணியாளர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் வண்டிக்குச் சொந்தக்காரர்கள். வேலை கையில் இருந்ததால்தான் வங்கி நம்பியது. மற்ற ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது முதலில் வேலை, பிறகு கடன் என்ற இந்த வரிசையைத்தான்.

தூய்மைப் பணியாளரின் மகள்: அண்ணா, நானே ஒரு லாரி எடுத்து நடத்தலாமா?

தாராளமாக எடுங்கம்மா. தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது. முதலீட்டில் 35% மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில் 6% அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஆனால் கடனுக்கு முன் வேலை தருகிறவர்களைப் பிடியுங்கள்: இரண்டு அபார்ட்மென்ட், ஒரு கல்லூரி ஹாஸ்டல் எழுத்தில் சம்மதித்தாலே வங்கி மேனேஜர் முகம் மாறும். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், டெண்டரில் முன்வைப்புத் தொகை விலக்கு கேட்க அது வேண்டும். அந்தப் பதிவு இலவசம்; யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.